பையில் ஒன்று, பேனலில் ஒன்று

(செங்கல்பட்டில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



போன ஞாயிற்றுக்கிழமை காலை மாமல்லபுரத்தில், கடற்கோயிலுக்கு வடக்கே படகு ஏற்றும் மணலில் நின்றுகொண்டிருந்தேன். அலை வந்து காலை நனைக்கிற தூரம். சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து, ஜிபிஎஸ் எண்களை அப்படியே காட்டும் ஒரு செயலியைத் திறந்தேன். அட்சரேகை சரியாக இருந்தது. தீர்க்கரேகையும் சரி. உயரம் என்று போட்ட இடத்தில் மட்டும் மைனஸ் எண்பத்துச் சொச்சம் மீட்டர். போனை நம்பினால் நான் கடலுக்கு அடியில் நிற்கிறேன், தலைக்கு மேலே இருபத்தைந்து மாடி உயரத்துக்குத் தண்ணீர்.

போன் கெட்டுப்போகவில்லை. ஜிபிஎஸ் கணக்குப் போடுவது கடல்மட்டத்தை வைத்து அல்ல. பூமியைக் கொஞ்சம் அமுங்கிய வழுவழுப்பான உருண்டையாக வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்துதான் உயரத்தைச் சொல்கிறது. நிஜக் கடல் அந்தப் பரப்போடு ஒட்டிக்கொண்டு போவதில்லை. ஈர்ப்பு குறைந்த இடத்தில் தாழ்ந்தும் கூடிய இடத்தில் உயர்ந்தும் கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது அந்தக் கற்பனைப் பரப்பைவிட 106 மீட்டர்வரை தாழ்ந்திருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். ஏன் அப்படி என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ஆய்வாளர்கள் 2023இல்கூட ஒரு விளக்கம் தந்தார்கள். அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் நம் கரை இருக்கிறது. ஆகவே மாமல்லபுரத்தில் கடல்மட்டமே ஜிபிஎஸ் கணக்கில் மைனஸ் எண்பதுக்கும் கீழே.

இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டும் அட்டவணை சில கருவிகளுக்குள் இருக்கும். சிலவற்றில் இருக்காது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிப் பளிச்சென்ற எழுத்தில்தான் தெரியும். மணலில் நிற்பவனுக்கு இது சிரிப்பு. மேகத்துக்குள் ஆயிரம் அடியில் போகிறவனுக்கு எண்பது மீட்டர் என்றால் இருநூற்று அறுபது அடிக்கு மேல்.

இன்று சிறுவிமானங்களின் ஜிபிஎஸ் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கையடக்கமா, பேனலில் பொருத்தியதா, எது மேல் என்று கேட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் சிறுவிமானங்களின் காக்பிட்டில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு ஒயர் இழுத்தவன் நான். ஓய்வுபெற்றபின் சதுரங்கப்பட்டினம் பக்கம் குடியிருக்கிறேன். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் தங்கள் ஜிபிஎஸ் செட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள், உப்பேறிய பேட்டரிக் கம்பியைச் சுரண்டிக் கொடுப்பேன். அதனால் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு பக்கமிருந்தும் தெரியும். கருவி சரியாக இருக்கும்போது எவ்வளவு துல்லியம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தப்பாகும்போது அது வாய் திறந்து சொல்லுமா என்பது என் கேள்வி.

வழிகாட்டும் வேலை இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஐரோப்பிய மாலுமிகள் மாமல்லபுரத்தை ஏழு பகோடா என்று அழைத்தது கடலிலிருந்து பார்த்துத்தான். கல் கோபுரம் அவர்களுக்குக் கோயில் என்பதைவிடக் கரை அடையாளம். இப்போதுள்ள கலங்கரை விளக்கம் வருவதற்கு முன்னால், மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே பாறை உச்சியில் இருக்கும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயிலின் மேல்தான் விளக்கேற்றினார்கள். ஏழாம் எட்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் இதற்கு வாடகை கேட்டிருக்கலாம்.

விமானம் வந்தபோதும் இதே கதை. 1930இல் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் தொடங்கியது. 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு குட்டி புஸ் மாத் விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதை பெல்லாரி வழியாக மதராஸுக்குக் கொண்டுவந்து மறுநாள் சேர்த்தார். வானொலி கிடையாது. வரைபடம், காம்பஸ், கடிகாரம், கீழே தெரியும் ஆறு, ரயில் தண்டவாளம், ஊர். அதைக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்த முறை இன்றும் சட்டப்படி செல்லும். வெயில் நாளில் கண்ணால் பார்த்து ஓட்டுகிறவனுக்கு ஜிபிஎஸ் ஒரு சௌகரியம், அவ்வளவுதான். மேகமும் இருட்டும் வந்தபிறகுதான் அது உயிர்ப்பிரச்சினை.

ஜிபிஎஸ் ராணுவத்தினுடையது. அது பொதுமக்களுக்கு வந்த கதையில் ஒரு விமானம் இருக்கிறது. 1983 செப்டம்பர் 1இல் கொரியன் ஏர்லைன்ஸ் 007 அலாஸ்காவிலிருந்து சியோலுக்குப் போகையில் பாதை விலகி சோவியத் வான்வெளிக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் அன்றைக்கு உலகத்தில் கிடைத்த நல்ல வழிகாட்டிக் கருவிகள் இருந்தன. தானியங்கி ஓட்டி அந்தக் கருவிகளோடு இணையாமல், காம்பஸ் திசையைப் பிடித்துக்கொண்டு போகும் நிலையிலேயே இருந்துவிட்டது என்பதுதான் விசாரணையின் முடிவு. அதே மாதத்தில் அமெரிக்க அதிபர் ரீகன், ஜிபிஎஸ் தயாரானதும் உலகம் முழுவதற்கும் இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தார். கருவி குறைந்ததால் நேர்ந்த விபத்து என்று உலகம் புரிந்துகொண்டது. எனக்கென்னவோ அது ஒரு சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பார்க்காததால் நேர்ந்த விபத்தாகத்தான் படுகிறது. இந்தச் சுவிட்சுக்குத் திரும்பி வருகிறேன்.

1989இல் மெகெல்லன் நிறுவனம் பொதுமக்களுக்கான முதல் கையடக்க ஜிபிஎஸ்ஸை விற்றது. சுமார் 3,000 டாலர். அதே ஆண்டு தொடங்கிய கார்மின், முதல் பொருளாகக் கொண்டுவந்தது படகுகளில் பொருத்தும் ஒரு செட். இன்று சிறுவிமான காக்பிட்டை ஆளுகிற நிறுவனம் பிழைப்பைத் தொடங்கியது கடலில். 1994இல் அவர்களுடைய ஜிபிஎஸ் 155 என்ற பேனல் செட், மேகத்துக்குள் பறக்கவும் ஓடுபாதையை நெருங்கவும் அமெரிக்க அதிகாரிகளின் ஒப்புதல் பெற்றது. 1998இல் ஜிஎன்எஸ் 430 வந்தது. வரைபடம், வானொலி, தரைநிலையச் சமிக்ஞை எல்லாம் ஒரே பெட்டியில். உலகத்துச் சிறுவிமானங்களில் பாதியை நான் பார்த்ததில்லை, ஆனால் நான் பார்த்தவற்றில் பாதிக்குமேல் இந்தப் பெட்டிதான் இருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையை அமெரிக்கா நிறுத்தியது. நூறு மீட்டர் தடுமாறிய கையடக்க செட் அன்று ராத்திரியோடு இருபது மீட்டருக்குள் வந்துவிட்டது. வாங்கியவன் ஒரு பைசா செலவழிக்கவில்லை.

குழப்பம் தொடங்கியது அங்கேதான். அதுவரை பேனல் செட் உசத்தி, கையடக்கம் பொம்மை என்று நினைத்தார்கள். ஆனால் இரண்டும் ஒரே இடத்தைத்தான் காட்டுகின்றன. பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் வித்தியாசம். கையடக்கத்தில் வண்ண வரைபடம் இன்னும் அழகாக இருக்கும். விலை பல மடங்கு குறைவு. பேனல் செட்டுக்கு விலை லட்சக்கணக்கில், அதைப் பொருத்துகிற கூலி தனி. வாங்குகிறவன் கேட்பது நியாயம்தானே, எதற்கு இத்தனை பணம்?

பணம் போவது நீங்கள் பார்க்காத இடத்துக்கு. ஓர் இடத்தைக் கண்டுபிடிக்க நாலு செயற்கைக்கோள் போதும். ஐந்தாவது ஒன்று தெரிந்தால், நாலு நாலாகச் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போகாவிட்டால் எதுவோ பொய் சொல்கிறது. ஆறாவது இருந்தால் பொய் சொல்வது எது என்று கண்டுபிடித்து அதை விலக்கிவிடலாம். ஒப்புதல் பெற்ற பேனல் செட் இந்தச் சோதனையை ஓயாமல் செய்தாக வேண்டும். எந்த அளவு பிழைக்கு, எத்தனை விநாடிக்குள் எச்சரிக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். துறையில் இதை ரெய்ம் என்போம். கையடக்க செட் விற்கிறவனுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. அவன் முயற்சி என்னவென்றால், சமிக்ஞை எவ்வளவு மோசமாக இருந்தாலும் திரையில் ஏதாவது ஓர் இடத்தைக் காட்டிக்கொண்டே இருப்பது. கடைக்காரனுக்கு நல்ல பெயர் அதில்தான் வரும்.

செயற்கைக்கோள் பொய் சொல்லுமா என்று கேட்பீர்கள். 2004 ஜனவரி 1ஆம் தேதி ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் அணுக்கடிகாரம் கெட்டது. தான் நலமாகவே இருப்பதாக அது சுமார் மூன்று மணி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்குள் அதன் தூரக்கணக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிவிட்டது. ஐந்தாவது ஆறாவது செயற்கைக்கோளைக் கேட்டுச் சரிபார்த்த பெட்டிகள் அதை ஒதுக்கிவிட்டன. சரிபார்க்காத கையடக்க செட் வைத்திருந்தவர்களுக்கு ஊர் நகர்ந்திருக்கும்.

நம் ஊருக்கு இன்னொரு தொல்லை உண்டு. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அதனால் நமக்கு மேலே வளிமண்டலத்தின் மின்னேற்ற அடுக்கு கொஞ்சம் அடாவடியானது. சூரியன் விழுந்தபிறகு, குறிப்பாக மார்ச் ஏப்ரலிலும் செப்டம்பர் அக்டோபரிலும், சூரியக் கொந்தளிப்பு அதிகமான வருஷங்களில், அங்கே குமிழ் குமிழாகக் கிளம்பும். செயற்கைக்கோள் சமிக்ஞை அதன் வழியே வரும்போது விளக்கு மினுமினுப்பதுபோல் துடிக்கும், சில நிமிடம் காணாமலும் போகும். ஐரோப்பாவில் எழுதிய கையேட்டில் இதற்கு ஒரு பத்திதான் இருக்கும். இங்கே அது ஓர் அத்தியாயம்.

விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் சேர்ந்து ககன் என்ற ஜிபிஎஸ் திருத்த ஏற்பாட்டை அமைத்தபோது மண்டையை உடைத்துக்கொண்டதும் இதில்தான். நாடெங்கும் 15 இடங்களில் தரைநிலையம் வைத்து, ஜிபிஎஸ் சொல்லும் இடத்தையும் தங்களுக்கே துல்லியமாகத் தெரிந்த சொந்த இடத்தையும் ஒப்பிட்டு, பிழையைக் கணக்கிட்டு பெங்களூருக்கு அனுப்புகிறார்கள். அங்கிருந்து ஜிசாட் செயற்கைக்கோள் வழியாக அது மறுபடி கீழே வருகிறது. திருத்தமும் வரும். இந்தச் செயற்கைக்கோளை நம்பாதே என்ற எச்சரிக்கையும் வரும். எனக்குத் திருத்தத்தைவிட எச்சரிக்கைதான் பெரிது. 2013 கடைசியில் வழிப்பயணத்துக்கும், 2015 ஏப்ரலில் உயரம் காட்டி இறக்கும் முறைக்கும் ககனுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அந்த இரண்டாம் நிலைக்கு உலக அளவுகோல், பிழை எல்லை மீறினால் 10 விநாடிக்குள் விமானிக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ஒன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் ககனைப் பிடித்துக்கொண்டு இறங்கியது. தரையில் விலையுயர்ந்த இறங்குகருவி இல்லாத சின்ன ஓடுபாதைகளுக்கு இது வரப்பிரசாதம். ஆனால் அதற்குத் தகுந்த ஒப்புதல் பெற்ற பெட்டி பேனலில் இருக்க வேண்டும்.

கையடக்கத்திலும் ககன் தெரியும். செட்டில் வாஸ் என்றோ ஈக்னாஸ் என்றோ, ககனின் வெளிநாட்டு உறவினர்கள் பெயரில், ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டால் வானப் படத்தில் 40, 41 என்று எண் வரும். அவைதான் நம் ஜிசாட்கள். போன மாதம் கொக்கிலமேட்டுப் படகுக்காரர் ஒருவருடைய செட்டில் இதைப் போட்டுக் கொடுத்தேன். திருத்தம் வாங்கிக்கொள்ளும், இரண்டு மூன்று மீட்டருக்குள் நிற்கும். எச்சரிக்கையை என்ன செய்யும் என்பது அந்தந்த கம்பெனிக்காரன் மனசு.

சரி, கொஞ்சம் பறந்து பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் ஏறக்குறைய நேர் தெற்கே, 22 கடல் மைல். தீர்க்கரேகை அவ்வளவாக மாறாது. நூறு நாட் வேகத்தில் ஒரு செஸ்னா பதின்மூன்று பதினான்கு நிமிடத்தில் போகும். அனுமதி எல்லாம் வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இது சும்மா உலாவுகிற வானம் இல்லை. ஒரு பக்கம் சென்னையின் பெரிய விமானங்கள், மேற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். கோவளம் முகத்துவாரம் இடது இறக்கையின் கீழே போகிறது. பிறகு பாறை, கலங்கரை விளக்கம், கடற்கோயில். அதற்கப்பால் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் குவிமாடங்கள் நாலே கடல் மைலில். நூறு நாட்டில் இரண்டரை நிமிடம்கூட இல்லை. அந்த அணுமின் நிலையத்தைச் சுற்றிய வானம் தடைசெய்யப்பட்டது. அதன் விளிம்பு இன்னும் முன்னாலேயே வந்துவிடும். பயணியைத் திருப்பி மண்டபத்தைக் காட்டிக்கொண்டிருந்தால், விளிம்பைத் தாண்டியது தெரியாமலே போகும்.

இந்த இடத்தில் நகரும் வரைபடம் தங்கம். தடைப்பகுதி சிவப்புக் கோடாகத் தெரியும், உங்கள் விமானம் அதை நோக்கி ஊர்வதும் தெரியும். இதில் கையடக்கத்துக்கும் பேனலுக்கும் வித்தியாசமில்லை. திரை பெரிதாக இருக்கும் கையடக்கத்துக்கே என் ஓட்டு. ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சிவப்புக் கோடு செயற்கைக்கோளிலிருந்து வருவதில்லை, உள்ளே ஏற்றிய தரவிலிருந்து வருகிறது. வான்வெளித் தகவல் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பேனல் செட்டைப் போட்டதுமே தரவு காலாவதி என்று முகத்தில் அடித்துச் சொல்லும். மேகத்துக்குள் போகிறவன் அதைப் புதுப்பித்தே ஆகவேண்டும். கையடக்கத்தில் மூன்று வருஷப் பழைய கோடு புதுசு போலவே மின்னிக்கொண்டிருக்கும்.

மத்தியான நேரமென்றால் இன்னொரு சங்கதி. கடற்காற்று பதினோரு பன்னிரண்டு மணிக்குக் கரையேறும். உள்ளே வெந்துகிடக்கும் காற்றோடு அது மோதுகிற இடம் பல நாளில் நம் செங்கல்பட்டுப் பக்கம்தான். சாயங்கால இடிமழை அந்தக் கோட்டில்தான் முளைக்கும். அந்தக் கோட்டைத் தாண்டும்போது சிறுவிமானம் மாட்டு வண்டி மாதிரி குதிக்கும். தொடையில் கட்டிய செட்டின் தொடுதிரையில் ஒரு விரல் வைக்கப்போய் மூன்று பட்டன் அமுங்கும். தலை கீழே, கண் மடியில். பேனல் செட்டில் கைக்குப் பழகிய குமிழ் இருக்கிறது. பார்வை முன்னாலேயே நிற்கும். தொங்கும் ஒயரும் ஒட்டும் பிடிமானமும் கிடையாது. ஒருமுறை பயிற்சிப் பள்ளி ஒன்றில், காம்பஸ் பதினைந்து டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று ஒரு விமானத்தை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்தார்கள். காம்பஸைக் கழற்றி, எண்ணெய் மாற்றி, அரை நாள் போயிற்று. கடைசியில் பார்த்தால் மாணவர் ஒருவர் தன் கையடக்கத்தைக் காந்தப் பிடிமானத்தோடு முன்கண்ணாடிக்குக் கீழே, காம்பஸுக்கு அரையடி தள்ளி ஒட்டியிருந்திருக்கிறார். பறந்து முடித்ததும் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் வந்து மறுபடி ஒட்டினார்.

வெயிலையும் சொல்ல வேண்டும். ஐபேடை வழிகாட்டியாக வைத்துக்கொள்வது இப்போது மோஸ்தர். அதன் தயாரிப்பாளர்களே சுற்றுவெப்பம் 35 டிகிரிவரை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அக்கினி நட்சத்திரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டு, ஓடுபாதை முனையில் கிளியரன்ஸுக்குக் காத்திருந்தீர்கள் என்றால் திரை கறுத்து, ஆறவிடு என்று ஒரு தெர்மாமீட்டர் படம் வரும். விமானத்துக்கென்றே செய்த கையடக்கங்கள் இவ்வளவு மோசமில்லை.

இவ்வளவு நேரம் பேனல் செட்டுக்கு வக்காலத்து வாங்கினேன். இப்போது கட்சி மாறுகிறேன்.

பேனல் செட்டின் பலவீனம் அது பேனலில் இருப்பதுதான். விமானத்தின் மின்சாரம் போனால் அதுவும் போகும். ஆல்டர்னேட்டர் செத்தால், நல்ல பேட்டரி அரைமணி நேரம் தாங்கினால் அதிர்ஷ்டம். நமக்குத் தெரிந்த ஒரு விமானி ஒருநாள் அந்திநேரத்தில் கரையோரம் வந்துகொண்டிருந்தபோது புகைநாற்றம் அடித்தது. நாற்றம் அடித்தால் செய்யவேண்டியது ஒன்றுதான், மாஸ்டர் சுவிட்சை அணைப்பது. அணைத்தார். அந்த அழகான பேனல் முழுக்க இருட்டு. பையில் கிடந்த பழைய கறுப்பு வெள்ளை கையடக்க செட், இரண்டு பென்சில் பேட்டரி. அதுதான் ஓடுபாதையின் திசையையும் தூரத்தையும் காட்டியது. இறங்கியபின் நான் போய்ப் பார்த்தேன். எரிந்தது எதுவென்றால், இன்னொருவர் அவசரத்தில் போட்டிருந்த ஒரு ஒயர் இணைப்பு.

பேனல் செட்டிலும் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று சொல்லாமல் விட்டால் பாவம். ஜிஎன்எஸ் 430இல் சிடிஐ என்று ஒரு பட்டன். விமானிக்கு முன்னாலிருக்கும் முள் ஜிபிஎஸ்ஸைப் பின்பற்ற வேண்டுமா, தரைநிலையத்தைப் பின்பற்ற வேண்டுமா என்று அது மாற்றும். எதில் இருக்கிறது என்று திரையின் மூலையில் சின்ன எழுத்தில் தெரியும். மறந்தவனுக்கு முள் அசையாமல் நடுவில் நின்று, எல்லாம் சரி என்று சிரிக்கும். 1983இன் அந்த சுவிட்ச்தான் இது, கொஞ்சம் சிறியது.

இப்போது மீனவ நண்பர்கள் இருப்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன், விமானத்துக்கும் இது பொருந்தும். ஜிபிஎஸ் செட் வாங்கும், கொடுக்காது. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களுக்குச் சொல்லும். வேறு யாருக்கும் சொல்லாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் மீனவர்கள் காணாமல் போனபோது எத்தனை வீட்டில் கேட்டார்கள், ஜிபிஎஸ் இருந்ததே, ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று. கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. விற்றவன் சொல்லியிருக்க வேண்டும்.

2016 ஜூலை 22இல் நம் மாவட்டத்துத் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. மாதக்கணக்கில் தேடினார்கள். 2024 ஜனவரியில்தான், தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி 3,400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் சிதைவுகள் அடையாளம் காணப்பட்டன. ஏழரை வருஷம். 2015 ஜூனில் கடலோரக் காவல்படையின் டோர்னியர் ஒன்று மூன்று பேரோடு காணாமல் போய், ஒரு மாதம் கழித்து கடலூருக்கு அப்பால் ஆழத்தில் கிடைத்தது. அவை ஏன் விழுந்தன என்று ஊகிக்க நான் வரவில்லை. விமானிக்குத் தான் இருக்குமிடம் தெரிவது வேறு, தேடுகிறவனுக்கு அது தெரிவது வேறு என்பதற்குத்தான் சொல்கிறேன்.

இடத்தை வெளியே அனுப்புகிற வேலை டிரான்ஸ்பாண்டருக்கும், 406 மெகாஹெர்ட்ஸில் அபாயக்குரல் கொடுக்கும் பீக்கனுக்கும் உரியது. விமானத்தில் பேனல் ஜிபிஎஸ்ஸின் இன்னொரு பலம் இதுதான். அது தன் எண்ணை டிரான்ஸ்பாண்டருக்கு ஒயர் வழியாகக் கொடுக்கும், டிரான்ஸ்பாண்டர் அதை ஊருக்கெல்லாம் சொல்லும். கையடக்கம் மடியில் ஊமையாகக் கிடக்கும். செயற்கைக்கோள் வழியே குறுஞ்செய்தி அனுப்பும் கையடக்கங்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றனவே என்பீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் மருமகனிடம் சொல்லிவிடாதீர்கள். அரசு அனுமதி இல்லாமல் அவற்றை இங்கே வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. கடலுக்கென்று வேறு ஏற்பாடு நடந்திருக்கிறது. ககன் வழியாகவே புயல் எச்சரிக்கையையும் மீன் கிடைக்கும் இடத்தையும் போனுக்கு அனுப்பும் ஜெமினி என்ற பெட்டியை 2019இல் வெளியிட்டார்கள். விமானத்துக்குக் கட்டிய பாதையில் படகுக்குச் செய்தி வருகிறது. அதுவும் ஒருவழிதான், உங்கள் குரல் திரும்பிப் போகாது.

கடைசியாக ஒரு சங்கடம். பேனலும் கையடக்கமும் ஒன்றாக ஏமாறுகிற நிலை வந்திருக்கிறது. 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வருகிற சமிக்ஞை மெலிந்தது. அதைவிட உரத்துப் பொய்க்குரல் கொடுத்தால் இரண்டு செட்டும் பொய்யைத்தான் கேட்கும். 2023 நவம்பரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் இதற்காக ஒரு சுற்றறிக்கை விட்டது. 2025 நவம்பரில் டெல்லியைச் சுற்றியே விமானங்கள் இதில் மாட்டின. அப்போது துணைக்கு வருவது ஜிபிஎஸ் சாராத பழசுகள்: தரையிலிருக்கும் விஓஆர் நிலையம், காம்பஸ், கடிகாரம். பிறகு கண்ணாடிக்கு வெளியே தெரியும் அந்தப் பாறையும் கலங்கரை விளக்கமும்.

எது வாங்குவது என்று கேட்டவருக்கு: மேகத்துக்குள் போகிற எண்ணம் இருந்தால் பேனல் செட் வாங்குங்கள், ஒப்புதல் பெற்றதாக, ககன் எடுப்பதாக. பணத்தில் பேரம் வேண்டாம், பொருத்துகிறவனிடமும் பேரம் வேண்டாம். வெயில் நாளில் மட்டும் பறப்பேன் என்றால் நல்ல கையடக்கம் போதும். இரண்டு பேரும் ஒரு கையடக்கத்தைப் பையில் வையுங்கள், பென்சில் பேட்டரி போடுவதாக இருந்தால் இன்னும் நல்லது, மாற்றுப் பேட்டரி தனியாக. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். உயரத்துக்கு ஆல்டிமீட்டரைத் தவிர வேறெதையும் பார்க்காதீர்கள், ஏன் என்பதை மாமல்லபுரம் மணலில் போனைத் திறந்து நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்று, இது விமானிகளிடம் நான் கற்றதல்ல. செட் எந்த நேரமும் சாகும். 2019 ஏப்ரல் 6இல் ஜிபிஎஸ் தன் 1,024 வாரக் கணக்கை முடித்து மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியபோது, பழைய செட்டுகள் சில இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. செட் செத்தால் உள்ளே சேமித்த பாயிண்ட் எல்லாம் அதோடு போகும். வலை சிக்குகிற இடம், மீன் அடையும் பார், முகத்துவாரத்தின் மணல் திட்டு, எல்லாம். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. முப்பது வருஷத்துப் பாயிண்டுகள், டிகிரியும் மினிட்டும் பால்பாயிண்ட் பேனாவில், மேலே பாலித்தீன் உறை. மூன்று செட் மாற்றியிருக்கிறார், நோட்டு ஒன்றுதான். இன்றும் கொண்டுவந்திருக்கிறார். கூட்டம் முடிந்ததும் கேட்டுப் பாருங்கள், அட்டையைக் காட்டுவார். உள்ளே திறக்க மாட்டார்.